தன் கதையை ஏன் எழுதுகிறார்கள்?

“என் வாழ்க்கையை எழுதினால் ஒரு பெரிய நாவலே ஆகும்!” இப்படிச் சொல்லாத முதியவர் நம்மிடையே உண்டா? ஆனால், பேனாவை எடுப்பவர்கள் சிலர்தான். அவர்களை எழுதத் தூண்டுவது எது?

வயதானவர்கள் பழங்கதை பேசுவதை நாம் புலம்பல் என்று ஒதுக்குகிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் இதற்கு வேறு விளக்கம் தந்தார். முடிவு நெருங்குவதை உணரும் மனம், கடந்த வாழ்வைக் கணக்குப் பார்ப்பது இயல்பே என்றார் அவர். சுயசரிதை அந்தக் கணக்கின் எழுத்து வடிவம்.

இரண்டாவது காரணம், பாரம் இறக்குவது. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் நடத்திய ஆய்வில், மனக்காயங்களையும் அவற்றால் எழுந்த உணர்வுகளையும் நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் பின்னர் மருத்துவரை நாடியது குறைந்தது.

மூன்றாவது, நன்றிக்கடன். உ.வே.சாமிநாதையர் 1940-இல், முதிய வயதில், ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். அதில் அவரைவிட உயர்ந்து நிற்பவர் அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான். 1942-இல் அவர் மறைந்தபோது நூல் முற்றுப்பெறவில்லை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ரப்பர் தோட்டத்தில் கிராணியாராக இருந்தவர். இப்போது அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. அவர் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் அவர் கதையே இல்லை. எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது என்ற பட்டியல்தான் இருக்கிறது. “நான் போயிட்டா இவங்க பேரைச் சொல்ல யாரு இருக்கா?” என்று என்னிடம் கேட்டார்.

தம்பியோடு உண்டான மனத்தாங்கலை மட்டும் மூன்று முறை கிழித்து எழுதினாராம். முதலில் எழுதியதில் தம்பியே முழுக் குற்றவாளி. மூன்றாவதில் இருவருக்கும் பங்கு இருந்தது.

தன் பக்க நியாயத்தை நிறுவும் ஆசையும் சுயசரிதையின் உந்துதல்தான். அதில் தவறில்லை. ஆனால், அந்த ஆசையோடு மல்லுக்கட்டும் இடத்தில்தான் எழுத்தில் உண்மை பிறக்கிறது என்பது என் கருத்து.

சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் எத்தனை பேர் தம் கதையை எழுதி வைத்தார்கள்? மிகச் சிலரே. அவர்களோடு பல பெயர்களும் போய்விட்டன.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எழுத முடியாதவர் என்றால், பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அடுத்த விடுமுறை வரை தள்ளிப்போட வேண்டாம்.