டப்பாவுக்குள்ளே ஒரு வர்ணக்காரன்!

மாங்காடு காமாட்சி அம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டியதில்லை. கார், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, என் நண்பருடைய காரை யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். நண்பர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. ஓரிடத்தில் உள்ளே இருக்கும் தகரமே தெரிந்தது.

பட்டறையில் கேட்டார். "பட்டி பார்த்து, கதவு முழுவதும் பெயிண்ட் அடிக்க வேண்டும். வண்டியை மூன்று நாள் விட்டுவிட்டுப் போங்கள்" என்றார்கள். மூன்று நாள் வண்டி நின்றால், மூன்று நாள் வருமானம் போச்சு!

"அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டார். பத்து நாள் கழிந்தது. நடுவில் மழை. பிறகு பார்த்தால், கோட்டின் நடுவே செம்மண் நிறத்தில் துரு!

பயந்து போய் ஒரு ஸ்பிரே டப்பா வாங்கி வந்தார். துருவின் மேலேயே டப்பாவை நெருக்கிப் பிடித்து, ஒரே அழுத்து அழுத்தினார். வர்ணம் கண்ணீர் மாதிரி வழிந்தது. இரண்டே மாதத்தில் அந்த இடம் கொப்புளம் போட்டு உரிந்தது.

தப்பு டப்பாவின் மேல் இல்லை.

மனைவி சொன்ன யோசனை

அழுத்தினால் பீச்சும் டப்பாவுக்கு 1927-ல் காப்புரிமை பெற்றவர், நார்வே நாட்டு எரிக் ரோத்ஹைம். அதில் வர்ணத்தை அடைத்தவர் அமெரிக்காவில் பெயிண்ட் வியாபாரம் செய்த எட்வர்ட் சீமோர். அது 1949-ம் ஆண்டு. தாம் தயாரித்த அலுமினிய வர்ணத்தை வாடிக்கைக்காரர்களுக்குச் சுலபமாக அடித்துக் காட்ட வழி தேடினார். "டப்பாவில் அடைத்துப் பாருங்களேன்" என்று யோசனை சொன்னவர், அவருடைய மனைவி!

டப்பாவுக்குள் வர்ணம் இருக்கிறது. அதைத் தள்ள ஒரு வாயு இருக்கிறது. குலுக்கினால் "கடகட" என்று சத்தம் போடுகிறதே, அது உள்ளே கிடக்கும் குண்டு. அடியில் தங்கிய வர்ணத்தைக் கலக்கிவிடுவது அதன் வேலை. சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும்.

ஈரத் துணி சோதனை

மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998 முதல் கார் தயாராகிறது. கார் தொழிற்சாலைகளில் தகரத்துக்கு முதலில் துரு பிடிக்காத பூச்சு. அதன்மேல் பிரைமர். அதன்மேல் நிறம். கடைசியில் கண்ணாடி போன்ற மேல்பூச்சு. நடுநடுவே பெரிய அடுப்புக்குள் விட்டுச் சூடேற்றி இறுக வைக்கிறார்கள். இத்தனையும் சேர்ந்த கனம், இரண்டு தலைமுடியை அடுக்கி வைத்த அளவுதான்!

ஆகவே, கீறல் எதுவரை போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஈரத் துணியால் துடையுங்கள். ஈரம் இருக்கும்போது கோடு மறைகிறதா? மேல்பூச்சில்தான் காயம். பாலிஷ் போட்டுத் தேய்த்தாலே போதும். டப்பாவே வேண்டாம்.

தகரம் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. துரு வர்ணத்துக்கு அடியில் பக்கவாட்டில் ஓடும். வெளியே கடுகளவு, உள்ளே காசளவு! பம்பரில் கீறலா? இப்போதைய கார்களில் பெரும்பாலும் பம்பர் பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது. நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தேய்ப்பதே வேலை

நண்பர் இரண்டாம் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். காலையில் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தார். 320-ம் நம்பர் உப்புத்தாளால் துரு முழுவதும் போகும்வரை தேய்த்தார். தடவிப் பார்த்தால் விரலுக்கு மேடு பள்ளம் தெரியக் கூடாது. இதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

சுற்றிலும் டேப் ஒட்டி, கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் மூடினார். (நம்முடைய பத்திரிகையாகத்தான் இருக்கும்!) பிறகு பிரைமர் அடித்தார். அது காய்ந்ததும் 600-ம் நம்பர் தாளால் இலேசாகத் தேய்த்து, நிறத்துக்கு வந்தார்.

வெள்ளை என்று கேட்டால் கடையில் பத்து வெள்ளை இருக்கும். வண்டியின் நிற எண், கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டிய சீட்டில் இருக்கும். அதைச் சொல்லி வாங்க வேண்டும். அப்படியும் வெயிலில் மங்கிய பழைய வண்டியில் சற்று வித்தியாசம் தெரியலாம். அட்டையில் அடித்துப் பார்ப்பது நல்லது.

டப்பாவை ஒரு சாண் தூரத்தில் பிடிக்க வேண்டும். கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிசாக ஒரு பூச்சு. பத்து நிமிஷம் பொறுத்து இன்னொன்று. மூன்று நான்கு பூச்சுக்குப் பிறகு மேல்பூச்சு. உச்சி வெயிலில் அடித்தால் வர்ணம் சொரசொரவென்று படியும். மழை ஈரத்தில் அடித்தால் வெளுத்துப் போகும். காற்று அடங்கிய நிழல்தான் சரி. அடுப்பில் சுட்ட வர்ணம் அல்லவே, உள்ளே இறுக நாளாகும். ஒரு வாரமாவது தேய்த்துக் கழுவக் கூடாது.

கதவு முழுவதும் நசுங்கியிருந்தால் பட்டறைக்கே போங்கள். வண்டி முழுவதற்கும் நிறம் மாற்ற ஆசையா? ஆர்.சி.யில் வண்டியின் நிறம் எழுதியிருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும்.

அடுப்பு ஜாக்கிரதை!

பெரும்பாலான டப்பாக்களில் வர்ணத்தைத் தள்ளும் வாயு, சமையல் கேஸ் வகையைச் சேர்ந்தது. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வீட்டுக்குள்ளே அடிக்கவே கூடாது. வெளியே அடித்தாலும் பக்கத்தில் அடுப்போ, விளக்கோ, பீடியோ இருக்கக் கூடாது. குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். துணி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். இரண்டு மருந்து கலக்கும் '2கே' மேல்பூச்சு என்று ஒன்று விற்கிறது. அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. அது வீட்டுக்கு வேண்டாம்.

டப்பாவை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். 50 டிகிரி சூட்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். காலி டப்பாவையும் போகி நெருப்பில் போடாதீர்கள். மிச்ச வாயு சூடேறி வெடிக்கும்.

நண்பரின் கதவில் இப்போது பக்கவாட்டில் நின்று உற்றுப் பார்த்தால்தான் அடையாளம் தெரிகிறது. பாதி டப்பா வர்ணம் மீதி. அவர் மனைவி அதைப் பத்திரமாகச் சமையலறைப் பரணில், கேஸ் அடுப்புக்கு நேர் மேலே வைத்திருந்தார். நான் சொன்ன பிறகு, அன்றைக்கே அது வெளிவாசல் அலமாரிக்கு இடம் மாறிவிட்டது.