பட்டாளத்து உடம்பும் வைத்தியர் வாக்கும்

வேலூர் ஜில்லாவில், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் சேர்ந்து உழைத்துவிட்டு வந்த கிராமங்கள் சில உண்டு. அத்தகைய ஊர் ஒன்றில், பீரங்கிப் படையிலே 17 ஆண்டுகள் கன்னராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் மாலை உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் அவர் தூக்கிக்கொண்டு வந்த கறுப்பு டிரங்குப் பெட்டியின் மூடியில், வெள்ளைப் பெயிண்டால் எழுதிய ராணுவ எண் இன்னும் மங்கவில்லை. பழுப்பேறிய டிஸ்சார்ஜ் புத்தகம், கான்டீன் அட்டை, பென்ஷன் உத்தரவு ஆகியவற்றுக்கு அடியிலிருந்து, மடிப்புக் கிழிந்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டி, "சார், இதிலே என்னதான் எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் படித்துச் சொன்னது அவர் காதில் விழவில்லை. அவருடைய மனைவியார் அருகில் வந்து, வலது காதோரம் குனிந்து, உரத்த குரலில் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பணியிலிருந்து விடுபடும் சமயத்தில் அவரைப் பரிசோதித்த மெடிக்கல் போர்டின் அறிக்கை அது. இரு காதுகளிலும் கேள்விப்புலன் குன்றியிருக்கிறது என்றும், ஊனத்தின் அளவு 20 சதவீதம் என்றும் அது ஒப்புக்கொள்கிறது. ராணுவ சேவையால் இந்தக் குறை விளைந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்றும், சேவையால் அதிகப்பட்டதா என்ற கேள்விக்கும் 'இல்லை' என்றும் எழுதி, காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'சேவையோடு சம்பந்தமற்றது' என்ற ஒரே வரியை வைத்து, மூன்று வைத்தியர்கள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். பதினேழு ஆண்டுகள் பீரங்கியின் பக்கத்தில் நின்ற மனிதருடைய காது, பீரங்கியால் கெடவில்லை என்று மட்டும் சொல்லி, பின் எதனால் கெட்டது என்பதைச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரி, அன்று முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

பென்ஷன் என்பதற்கு நம் முன்னோர் உபகாரச் சம்பளம் என்று பெயரிட்டார்கள். பெயரில் உபகாரம் இருந்தாலும், சேவையில் தேகநலத்தை இழந்தவருக்குச் சர்க்கார் கொடுக்கும் ஊன ஓய்வூதியம், பட்டாளத்துக்காரர் வழக்கில் 'டிசபிலிட்டி பென்ஷன்' என்பது, எவருடைய தயவினாலும் வருவதன்று, விதிப்படி வருவது. 1961ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் 173ஆம் விதி அதற்கு இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஊனம் ராணுவ சேவையால் விளைந்ததாகவோ, சேவையால் தீவிரமடைந்ததாகவோ இருத்தல் வேண்டும். அதன் அளவு 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் முதலில் நிர்ணயிப்பது வைத்தியர் வாக்கே.

அந்த வாக்கின் கனம் எவ்வளவு என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரணச் சிப்பாய் ஒருவர் மாதாந்தர ஓய்வூதியம் பெற 15 ஆண்டுகள் சேவை செய்திருக்க வேண்டும். ஆனால், சேவையால் விளைந்த நோய்க்காக நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறவருக்கு இத்தனை ஆண்டுகள் என்ற குறைந்தபட்சக் கணக்கு ஏதும் இல்லை. ஆகவே, எட்டோ ஒன்பதோ ஆண்டுகளில் நோயாளியாகித் திரும்பும் இளைஞன் ஆயுள் முழுவதும் மாதந்தோறும் ஏதேனும் பெறுவானா, ஒரு தடவை கிடைக்கும் பணிக்கொடையோடு வெறுங்கையனாய் நிற்பானா என்பதையே போர்டின் அந்த ஒரு வரி முடிவு செய்துவிடக்கூடும். தொகையைப் பார்த்தால், முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அந்த விகிதப்படி 20 சதவீத ஊனத்துக்கு 6 சதவீதம். 50க்குக் குறைந்த ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை, நோயின் காரணமாக இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு 1996 முதல் வழங்கிற்று. பணிக்காலத்தை முடித்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உரியது என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 6 என்பது 15 ஆகிறது. கிராமத்துக் குடும்பம் ஒன்றுக்கு அந்த வித்தியாசம் மாத மளிகைச் செலவுக்குக் காணும்.

இனி, அந்த வரியை எழுதும் வைத்தியர்களுக்குச் சட்டம் இட்ட கட்டளை யாது என்பதைப் பார்ப்போம். 2008க்கு முன் விடுபட்டவர்களுக்குரிய 1982ஆம் ஆண்டின் ஓய்வூதிய உரிமை விதிகள் நம்மில் பலர் நினைப்பதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகின்றன. படையில் சேரும் நாளில் தேகத்தையும் மனத்தையும் பரிசோதித்து, குறை ஏதும் இருந்தால் குறித்துக்கொண்டுதான் ஒருவரை ஏற்றுக்கொள்கிறார்கள். அன்று எந்தக் குறையும் குறிக்கப்படவில்லையானால், அவர் ஆரோக்கியமாகவே சேர்ந்தார் என்று அநுமானிக்க வேண்டும். பிற்பாடு உடல்நலம் கெட்டு அவர் வெளியேற நேர்ந்தால், அந்தக் கேடு சேவையால் வந்தது என்று அநுமானிக்க வேண்டும். இது 5ஆம் விதி. உரிமையை நிரூபிக்கும் பாரம் கேட்பவர்மேல் சுமத்தப்படமாட்டாது. நியாயமான சந்தேகம் எழுமாயின் அதன் பலன் அவருக்கே உரியது. களத்திலோ கப்பலிலோ சேவை செய்தவருக்கு அந்தப் பலனை இன்னும் தாராளமாக வழங்க வேண்டும். இது 9ஆம் விதி. நோய் முன்னமேயே இருந்தது, ஆனால் சேரும்போது செய்த பரிசோதனையில் கண்டுபிடித்திருக்க இயலாது என்று வைத்தியர்கள் கருதினால், அப்படிக் கருதுவதற்குரிய காரணங்களை எழுதியாக வேண்டும். இது 14ஆம் விதி.

கடன் கொடுத்தவனிடம் பத்திரம் கேட்பது உலக வழக்கு. இங்கேயோ, உடம்பைக் கொடுத்தவனிடம் பத்திரம் கேட்காமல், அதை வாங்கிக்கொண்டவரிடம் கணக்குக் கேட்கிறது சட்டம். முழு உடம்பை வாங்கிக்கொண்டு குறை உடம்பைத் திருப்பித் தருகிறவர்தான் குறைந்தது எப்படி என்று சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் நியாயம் இதன் அடியில் இருக்கிறது.

விதிப் புத்தகத்தில் பல ஆண்டுகள் கிடந்த இந்த நியாயத்துக்கு வழக்குமன்றத்தில் உயிர் கொடுத்தது, 2013 ஜூலை 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பு. 1985இல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்த சிப்பாயாகிய தரம்வீர் சிங், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சேவை செய்தபின், வலிப்பு நோயால் ஏற்பட்ட 20 சதவீத ஊனத்துக்காக 1994இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நோய் ராணுவ சேவையோடு தொடர்புடையதன்று என்று போர்டு எழுதிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். டிவிஷன் பெஞ்சு அதை மாற்றிற்று. கடைசியில் உச்ச நீதிமன்றம், சேரும்போது அவரிடம் இந்த நோய் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை என்பதையும், போர்டு தன் அபிப்பிராயத்துக்கு எந்தக் காரணமும் கூறவில்லை என்பதையும் எடுத்துக்காட்டி, ஊன ஓய்வூதியம் அவருக்கு உரியது என்று முடிவு கூறியது. வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து அந்த முடிவு வர 19 ஆண்டுகள் சென்றன. வைத்தியருடைய முடிவுக்கு அதை ஒப்புக்கொள்ளச் செய்யும் காரணம் துணையாக நிற்க வேண்டும், கையொப்பம் மட்டும் போதாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 2025 மே மாதத்திலும், மனநோயால் வெளியேற்றப்பட்ட ஒருவருடைய வழக்கில், இதே கொள்கையை உச்ச நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்தியது.

காரணம் என்றால் எப்படியிருக்க வேண்டும்? நம் கன்னருடைய காதையே எடுத்துக்கொள்வோம். அவருடைய பெட்டியில், போர்டு கூடுவதற்குச் சில வாரங்கள் முன்னால் எடுத்த ஆடியோகிராம் ஒன்று இருந்தது. கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயி வரை பல ஒலிகளை ஒவ்வொன்றாய்க் கேட்கச் செய்து, எந்த அளவுச் சத்தத்தில் அவை காதில் விழுகின்றன என்பதைப் புள்ளியிட்டு இணைத்த கோடு அது. வயது முதிர்ச்சியால் காது மந்தமாகுமாயின், மேல் ஸ்தாயியை நோக்கிப் போகப் போகக் கோடு மலைச்சரிவைப் போல இறங்கிக்கொண்டே போகும். பெருஞ்சத்தத்தால் காது கெடுமாயின், 4000 ஹெர்ட்ஸ் என்னும் இடத்தை ஒட்டிக் கோடு கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கி, 8000 ஹெர்ட்ஸ் பக்கம் மறுபடியும் சற்று மேலேறும். இரு காதுகளுக்கும் வரைந்த இரு கோடுகளும் அவருடைய தாளில் கிணற்றில் இறங்கியிருந்தன. அந்தப் பள்ளத்தை நோக்கி, அவர் எத்தனை ஆண்டுகள் பீரங்கிகளோடு பயிற்சி செய்தார் என்பதை விசாரித்து, காதில் சீழ் வடியும் நோயோ பரம்பரைச் செவிடோ உண்டா என்று ஆராய்ந்து, அதன்பின் ஆமென்றோ அன்றென்றோ எழுதியிருந்தால், அது சாட்சியம். அவற்றில் எதையும் குறிப்பிடாமல் எழுதியது அபிப்பிராயம் மட்டுமே.

ராணுவ வைத்தியர்களுக்கென்று உள்ள வழிகாட்டி நூலே இத்தகைய ஆராய்ச்சியை எதிர்பார்க்கிறது. மாரடைப்பு வந்த சிப்பாயின் விஷயத்தில், நோய் வருவதற்கு முந்தைய 14 நாட்களில் அவர் செய்த வேலைகளின் விவரத்தை அவருடைய யூனிட்டிலிருந்து வரவழைத்துப் பார்க்கச் சொல்கிறது. 1984 முதல் நம் படை காவல் நிற்கும் சியாச்சின் பனிமலையில், பிராணவாயு குறைந்த உயரத்தில் மாதக்கணக்காகத் தங்கிய ஒருவருக்கு நுரையீரலில் நீர் கோத்தாலும், இரத்தம் குழாயில் உறைந்தாலும், விரல் பனியால் கருகினாலும், அவர் நின்ற இடத்தின் பெயரே பாதிச் சாட்சியமாகிறது. மற்றப் பாதியை வைத்தியர் எழுத வேண்டும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்வது தகாது. சேவைக்காலத்தில் தலைகாட்டும் நோயெல்லாம் சேவையால் வருவதாகிவிடாது. சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் வருகின்றன. குண்டடிபட்டவருக்கும் கால் இழந்தவருக்கும் உரிய நிதி, தகாத கோரிக்கைகளால் கரைந்துபோகலாகாது என்ற கவலை நேர்மையானதே. மனநோய் என்பதனாலேயே சேவைதான் காரணம் என்று கொள்ளலாகாது, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2019இல் கூறியிருக்கிறது. 2023 செப்டம்பர் 21 முதல் ஓய்வு பெறுவோருக்குப் புதிய உரிமை விதிகள் வந்திருக்கின்றன. பணிக்காலத்தை முடித்து ஊனத்தோடு விடுபடுவோர் பெறும் தொகைக்கு 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்ற புதுப் பெயரும் வந்திருக்கிறது. விதி எதுவாயினும், உண்மையான கோரிக்கையையும் பொய்யான கோரிக்கையையும் பிரித்துக் காட்டும் முறம் ஒன்றுதான்: காரணத்தோடு கூடிய வைத்திய அபிப்பிராயம். காரணம் கேட்பதால் பொய்யன் தப்புவதில்லை. காரணம் கேட்காவிட்டால் மெய்யன் தப்பமாட்டான்.

பட்டாளத்துக்காரரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வலியை வெளியே சொல்வது வீரத்துக்கு இழுக்கு என்றும், மெடிக்கல் கேட்டகரி இறங்கினால் பதவி உயர்வு போய்விடும் என்றும் எண்ணி, காதுக்குள் இரைச்சலோடும் முழங்கால் வீக்கத்தோடும் மௌனமாய்க் காலம் தள்ளுகிறவர்கள் பலர். "காதிலே வண்டு ரீங்காரம் மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும் சார். எம்.ஐ. ரூமுக்குப் போனா வேலைக்கு டபாய்க்கிறான்னு சொல்வாங்க, அதான் போகலை" என்றார் நம் கன்னர். அந்த மௌனம் தஸ்தாவேஜில் வெற்றிடமாக நிற்கிறது. பிற்காலத்தில் அந்த வெற்றிடமே அவருக்கு எதிராகப் பேசுகிறது. நோய் கண்ட அன்றே வைத்தியரிடம் சொல்லிப் பதிவு செய்வதும், காயம்பட்டால் காய அறிக்கை எழுதச் செய்வதும், போர்டு அறிக்கையின் பிரதியை வாங்கிப் பத்திரப்படுத்துவதும் புத்திசாலித்தனம். கையில் பிரதி இல்லாதவர் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். ஓய்வூதியமின்றி வெளியேறியவருடைய தஸ்தாவேஜுகள் 25 ஆண்டுகளுக்குப்பின் அழிக்கப்படுவது வழக்கமாதலால், அவர்கள் தாமதிக்கலாகாது. கோரிக்கை மறுக்கப்பட்டால், ஆறு மாதத்துக்குள் முதல் முறையீடு; அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது முறையீடு; அதற்கும் மேல், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கிறது. காலம் கடந்துவிட்டதே என்று மனமொடிய வேண்டுவதில்லை. ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் புதிதாக நேரும் தவறு என்று கொண்டு, நிலுவையை மூன்று ஆண்டுகளுக்கு வரையறுத்து உரிமையை வழங்கலாம் என்பது 2008 முதல் உச்ச நீதிமன்றத்தின் வழி. தம் ஜில்லாவுக்குரிய முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதல் படி ஏறலாம்.

திண்ணையில் இருட்டத் தொடங்கியபோது, பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு தாள் வெளிவந்தது. பத்தொன்பது வயதில் அவர் படையில் சேர்ந்தபோது நடந்த வைத்தியப் பரிசோதனையின் நகல். படையில் சேர வருகிறவனைத் திரும்பி நிற்கச் செய்து, பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் பேசி, எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று அளப்பார்கள். அவருடைய தாளில் வலது காதுக்கு 610 சென்டிமீட்டர் என்றும், இடது காதுக்கு 610 சென்டிமீட்டர் என்றும் எழுதியிருந்தது. இருபது அடிக்கு அப்பால் நின்று ஒருவர் ரகசியம் பேசினாலும் கேட்ட காது அது. இன்றோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் குரலே எட்டவில்லை.

மேல்முறையீட்டுக்காக இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஊசி குத்திக் கொடுத்தேன். முதல் தாள் சர்க்கார் வாங்கிக்கொண்டதற்கு ரசீது. இரண்டாம் தாள் திருப்பித் தந்ததற்கு ரசீது. இரண்டுக்கும் இடையே குறைந்த தூரம் எங்கே போயிற்று என்பதை அந்தக் கன்னர் நிரூபிக்க வேண்டியதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள், காரணம் எழுதும் கட்டத்தில் கையொப்பமிட்டவர்கள்.