தொலைபேசி இலக்கத்துக்குள் ஒளிந்து வரும் கட்டளை
வாவிக்கரையும் வலையமைப்பும் – பகுதி 7

அலுவலகத் தொலைபேசி இணைப்பகம், சுவரில் மாட்டிய பெட்டி என்ற நிலையிலிருந்து முழுமையான ஒரு கணினியாக மாறிய வரலாற்றைச் சென்ற பகுதி விளக்கியது. 1999இல் மார்க் ஸ்பென்சர் உருவாக்கிய ஆஸ்டரிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருளும், அதனை இணையப் பக்கம் ஒன்றின் வழியாக நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸும் இம்மாற்றத்தைச் சிறு நிறுவனங்களின் கைக்கும் எட்டச் செய்தன. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் தலைமை அலுவலகமும் படுவான்கரையில் கிளைகளுமாக இயங்கும் ஒரு சங்கம், கிளைகளுக்கிடையிலான அழைப்புச் செலவைக் குறைப்பதற்கு இத்தகைய மென்பொருளை நாடுவது இயல்பே. ஆனால் தொலைபேசி கணினியாகும்போது கணினிக்குரிய நோய்களும் அதனைத் தொற்றுகின்றன; அவற்றுள் தலையாயது கட்டளை உட்செலுத்தல்.

வெளியாரிடமிருந்து வரும் தரவை மென்பொருள் ஆராயாமல் ஏற்று, தான் பிறப்பிக்கும் கட்டளையோடு ஒட்டி இயக்கிவிடுவதால் விளையும் குறைபாடே கட்டளை உட்செலுத்தல் எனப்படுகிறது. கச்சேரியில் ஒருவர் கொடுத்த விண்ணப்பத்தின் முகவரிக் கட்டத்தில் 'பெட்டகத்தைத் திறந்து பணத்தைக் கொடுக்கவும்' என்று எழுதியிருக்க, எழுதுவினைஞர் அதனை மேலதிகாரியின் உத்தரவாகக் கருதி நிறைவேற்றிவிடுவதற்கு இது ஒப்பாகும். எழுதுவினைஞருக்கு இருக்கும் பகுத்தறிவு கணினிக்கு இல்லை. எது தரவு, எது கட்டளை என்ற எல்லையை நிரல் எழுதியவரே வகுத்துக் கொடுத்தாக வேண்டும்.

இவ்வெல்லை எவ்வளவு எளிதில் அழியும் என்பதை 2010 பெப்ரவரியில் ஆஸ்டரிஸ்க் குழுவினர் வெளியிட்ட எச்சரிக்கை காட்டுகிறது. அழைப்பவர் அழுத்திய இலக்கத்தை அப்படியே எடுத்து 'இதனை அழை' என்ற கட்டளையில் பொருத்தும் வழக்கம் அப்போது பரவலாக இருந்தது. பழைய தொலைபேசியின் பொத்தான்களால் இலக்கங்களையும் ஓரிரு குறிகளையும் மட்டுமே அனுப்ப முடிந்தது. இணையவழி அழைப்பிலோ எழுத்தும் குறியும் எதுவாயினும் வந்து சேரலாம். ஆஸ்டரிஸ்கின் மொழியில் & என்ற குறி 'இதனையும் சேர்த்து அழை' எனப் பொருள்படுவதால், உள்ளக இலக்கம் ஒன்றையடுத்து அக்குறியையும் ஒரு வெளிநாட்டு இலக்கத்தையும் சேர்த்து அனுப்பும் அந்நியர், நிறுவனத்தின் செலவிலேயே அவ்வெளிநாட்டு இலக்கத்தை அழைத்துவிட முடிந்தது. 0 முதல் 9 வரையிலான இலக்கங்களைத் தவிர மற்ற அனைத்தையும் நீக்கும் வடிகட்டியை அழைப்பு விதிகளில் சேர்க்குமாறு குழுவினர் அறிவுறுத்தினர்.

இதனினும் கடுமையானது 2012இல் வெளிப்பட்டு, பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2012-4869 எனப் பதிவான ஃப்ரீபிபிஎக்ஸ் குறைபாடு. குரலஞ்சலைத் தமது தொலைபேசியில் கேட்க விரும்புபவர் இணையப் பக்கம் ஒன்றில் இலக்கத்தைக் கொடுத்தால், இணைப்பகம் அவரை அழைக்கும் வசதியொன்று அதில் இருந்தது. அவ்விலக்கம் ஆஸ்டரிஸ்கின் மேலாண்மை வாயிலுக்குச் செல்லும். அங்கு ஒவ்வொரு வரியும் தனியொரு பணிப்பாகக் கொள்ளப்படும். ஆகவே இலக்கத்தின் இறுதியில் வரிமுடிவுக் குறியைச் செருகி, அடுத்த வரியில் பணிசெயல் முறைமைக்குரிய கட்டளையை எழுதி அனுப்பியவருக்கு, கடவுச்சொல் எதுவுமின்றியே இணைப்பகக் கணினி பணிந்தது. இலக்கத்துக்கென ஒதுக்கிய இடத்தில் இலக்கம்தான் உள்ளதா என்று எவரும் சோதிக்காததே இத்தனைக்கும் மூலம்.

இக்குறைகள் பழங்கதையாகிவிடவில்லை. 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸின் 15, 16, 17ஆம் பதிப்புகளில் கண்டறியப்பட்ட குறைபாட்டில், அடையாளச் சரிபார்ப்பைத் தாண்டித் தரவுத்தளத்துக்குள் கட்டளையைச் செலுத்தவும், அதன்வழி சேவையகத்தையே கைப்பற்றவும் வழி இருந்தது; திருத்தம் வெளிவருமுன்னரே தாக்குதல் தொடங்கியிருந்தது. தாக்குவோரின் நோக்கம் பெரும்பாலும் பணமே. புகுந்த வழி வேறாயினும், 2020இல் செக்பொயின்ட் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் விவரித்த தாக்குதல் தொடரும் இதனை மெய்ப்பிக்கிறது: ஏறத்தாழ 1,200 நிறுவனங்களின் இணைப்பகங்கள் குறிவைக்கப்பட்டன; அவற்றுள் பிடிபட்டவற்றிலிருந்து உயர்கட்டண இலக்கங்களுக்கு அழைப்புகளை ஏற்படுத்தி, அக்கட்டணத்தில் பங்கு பெறுவது தாக்கியோர் பணம் ஈட்டும் வழிகளுள் ஒன்றாக இருந்தது.

மட்டக்களப்புக்கு இழப்பு கட்டணப் பட்டியலோடு நின்றுவிடாது. 1978 சூறாவளியையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட இக்கரையில், வடகீழ்ப் பருவமழையால் வாவி பெருகும் நாளில் மருத்துவமனையும் நிவாரணப் பணியகமும் தொலைபேசியையே நம்பியிருக்கின்றன. அந்நேரம் அந்நியர் கையில் சிக்கிய இணைப்பகம் உயிரிழப்புக்கே காரணமாகலாம்.

ஆகவே நிர்வாகப் பக்கத்தைப் பொது இணையத்துக்குத் திறந்துவிடாமல் அறிந்த முகவரிகளுக்கு மட்டும் அனுமதித்தல், திருத்தங்களை வெளிவந்தவுடன் நிறுவுதல், வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாதவிடத்துச் சேவை வழங்குநர் மூலமே அதனை நிறுத்திவைத்தல், அழைப்புப் பதிவுகளை வாரந்தோறும் பார்வையிடுதல் ஆகியன எந்த நிறுவனமும் உடனே செய்யக்கூடியவை. ஊடுருவல் நேர்ந்தால், 2006இல் நிறுவப்பட்ட இலங்கை கணினி அவசரப் பதிலளிப்பு நிலையத்துக்கு அறிவிக்கலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் துணைநிற்கிறது. எனினும் இவையெல்லாம் பின்னரண்களே. முதல் அரண் நிரலெழுதும் மேசையில் உள்ளது. வெளியிலிருந்து வருவது எதுவாயினும், தான் எதிர்பார்த்த வடிவில் இருந்தாலன்றி ஏற்கக்கூடாது என்னும் ஒழுக்கம், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் மாணவருக்கு முதலாண்டிலேயே கைவர வேண்டும்.

(அடுத்த பகுதியில்: அழைப்பொலியை மறையாக்கம் செய்தல்)