வெளிச்சத்தாலேயே ஆயுள் குறையும் குட்டித் திரை! தெரியுமா?

சுவரில் 100 அங்குலத்துக்குப் படம் காட்டும் எல்.சி.டி. புரொஜெக்டருக்குள் இருக்கும் நிஜத் திரை எத்தனை பெரியது தெரியுமா? சில மாடல்களில் மூலைக்கு மூலை வெறும் அரை அங்குலம்! கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்துவிடலாம். அதுவும் ஒன்றல்ல, மூன்று! சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று.

ஒரு கணக்குப் போடுங்கள். நீளத்தில் 200 மடங்கு என்றால் பரப்பில் 40,000 மடங்கு! சுவர் முழுக்கப் பரவும் வெளிச்சம் மொத்தமும் அந்தத் துளியூண்டு இடத்துக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறது. அணைக்கும்வரை, ஒரு நொடிகூட ஓய்வில்லாமல்!

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? பல புரொஜெக்டர்களில் பாதரச விளக்கிலிருந்து. அதற்குள் அழுத்தம் எவ்வளவு என்கிறீர்கள்? 200 வளிமண்டலத்தையும் தாண்டும்! இரண்டு முனைகளுக்கு நடுவே இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான்!

மூன்று திரைகளில் பெரும்பாலும் முதலில் நோயில் விழுவது எது தெரியுமா? நீலம்! 450 நானோமீட்டர் நீல ஒளியின் ஒவ்வொரு துகளிலும், 630 நானோமீட்டர் சிவப்பைவிடச் சுமார் 40 சதவீதம் அதிக ஆற்றல். ரசாயனப் பிணைப்புகளை அறுக்க அந்தக் கூடுதல் போதும். புற ஊதாவை வடிகட்டி நிறுத்திவிடலாம். நீலத்தை? அது இல்லாமல் படமே இல்லையே! கெடுக்கும் என்று தெரிந்தேதான் உள்ளே விடுகிறார்கள்.

அது எதைக் கெடுக்கிறது? இங்கேதான் ஆச்சரியம்! திரைக்குள் இருக்கும் திரவப் படிக அடுக்கின் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். அதன் இரு பக்கமும் பாலிஇமைடு என்ற மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சைத் துணியால் ஒரே திசையில் தேய்த்துவிடுவார்கள். ஆமாம், துணியால்தான்! தேய்த்த திசையைப் பார்த்துத்தான் மூலக்கூறுகள் வரிசையாகப் படுக்கின்றன. வருடக்கணக்கில் நீல ஒளியும் சூடும் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு சிதைகிறது. மூலக்கூறுகளுக்குத் திசை மறந்துபோகிறது!

வெளியே எப்படித் தெரியும்? வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையிட்டுப் பாருங்கள். ஓரத்தில் மஞ்சள் திட்டு தெரிகிறதா? யாரும் மஞ்சள் பூசவில்லை! அந்த இடத்தில் நீலம் குறைந்துவிட்டது. வெள்ளையில் நீலம் போனால் மிஞ்சுவது மஞ்சள்தானே!

எப்போதும் திரைதான் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே இருக்கும் போலரைசர் என்ற தகடு, வேண்டாத ஒளியை விழுங்கி விழுங்கித் தானே கருகிவிடும்! தூசி வடிகட்டி அடைத்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம்.

2003இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வகத்தில் ஐந்து எல்.சி.டி. புரொஜெக்டர்களையும் போட்டி ரகமான இரண்டு டி.எல்.பி. புரொஜெக்டர்களையும் இரவு பகலாக ஓடவிட்டார்கள். சில ஆயிரம் மணி நேரத்துக்குள் எல்.சி.டி. படங்களின் நிறம் கெட்டது! செலவு செய்தது யார் தெரியுமா? டி.எல்.பி. சிப்பைத் தயாரிக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்! அதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

சூட்டால் மட்டும் திரவப் படிகத்தின் ஒழுங்கு கலைந்து மறையும் படம், ஆறியதும் திரும்பி வரும், தெரியுமா? 1888இல் பிராகில் தாவரவியலாளர் ரைனிட்சர் கண்ட முதல் திரவப் படிகம் 145.5 டிகிரியில் கலங்கலாக உருகி, 178.5 டிகிரியில் பளிச்செனத் தெளிந்தது. ஆறவிட்டதும் மறுபடி கலங்கியது! ஒளி அறுத்த பிணைப்போ அறுந்தது அறுந்ததுதான்.

அப்படியானால் மருந்தே இல்லையா? உண்டு! கரிமப் பூச்சையே தூக்கி எறிந்துவிட்டு, சிலிக்கன் டை ஆக்சைடைச் சாய்வாக ஆவியாக்கிப் படியவைத்தார்கள். கண்ணாடியின் மூலப்பொருளேதான்! நீல ஒளி அதை எளிதில் அசைக்க முடியாது. இன்று எப்சனின் லேசர் எல்.சி.டி. புரொஜெக்டர் ஒன்று 30,000 லூமன் வெளிச்சம் கொட்டுகிறது!

இதேபோல் குட்டித் திரை உள்ள கேமரா வியூஃபைண்டரின் கண்வில்லையை வெயிலைப் பார்த்துத் திருப்பி வைக்கலாமா? கூடவே கூடாது! உங்கள் கண்ணுக்குப் படத்தைப் பெரிதாக்கும் அதே வில்லை, சூரியனை உள்ளிருக்கும் குட்டித் திரைமேல் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். நொடிகளில் நிரந்தரத் தழும்பு!

உச்சகட்டம் இது! கலிபோர்னியாவில் லிவர்மோரில் 192 லேசர் கதிர்களைக் குவித்து அணுக்கரு இணைவு நடத்துகிறார்கள். கதிர்ப் பாதையில் ஒரு லென்ஸில் சின்னக் கீறல் விழுந்தால், அந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சம் போகாமல் நிழல் போடுவது எது தெரியுமா? ஒரு திரவப் படிகத் தடுப்பு! கதிர் அசுர பலம் பெறுவதற்கு முன்பே, அது இன்னும் மெலிவாக இருக்கும் ஆரம்பப் பாதையிலேயே அதைப் பொருத்தியிருக்கிறார்கள்!