லிஸ்பனிலிருந்து பாத்திமாவுக்குச் சாலை வழியே

எம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று, தங்கள் திருமண வெள்ளிவிழாவை முன்னிட்டுப் போர்த்துக்கல் நாட்டிற்குச் செல்லத் திட்டமிட்டு, அதை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொண்டுவந்தது. ஏழு நாள், பதினோர் ஊர், வாடகைக் கார், ஓட்டுபவர் குடும்பத் தலைவர். உடன் வருவோர் மனைவியும், இரு பிள்ளைகளும், முழங்கால் வலியுள்ள 78 வயதுத் தாயாரும்.

"அம்மா என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"பாத்திமாவில் ஓர் இரவு மெழுகுதிரிப் பவனியில் நின்றால் போதும் என்கிறார்கள், சாமி."

தாளைப் பார்த்தேன். பாத்திமாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரம் நண்பகல் 12 முதல் 2 மணி வரை!

அவரை நான் குறை கூறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் குரு நண்பர் இருவருடன் அதே சாலையில் சென்றபோது நானும் அப்பிழையையே செய்தேன். கோயிம்பிராவின் பழைய பல்கலைக்கழக நூலகத்தில் மெய்மறந்து நின்றுவிட்டு, இரவு வெகுநேரம் கழித்துப் பாத்திமாவை அடைந்தோம். பவனி முடிந்து, பரந்த முற்றம் வெறுமையாகக் கிடந்தது. மறுநாள் விடியலில் புறப்பட வேண்டியிருந்தது. அந்த ஏமாற்றம் இன்றும் நெஞ்சில் உண்டு.

அந்நாட்டின் தூரங்கள் நம்மை ஏமாற்றிவிடும். லிஸ்பனிலிருந்து பாத்திமா ஏறத்தாழ 125 கிலோமீட்டர். அங்கிருந்து கோயிம்பிரா 90-க்குள். அதற்கப்பால் போர்ட்டோ 120. நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை செல்லலாம் என்பதால் எல்லாம் அருகில் இருப்பதாகவே தோன்றும். ஆனால் வயதானவர்கள் இறங்கவும் ஏறவும் ஆகும் நேரத்தை வரைபடம் காட்டுவதில்லை.

ஆகவே இருவருமாகத் தாளைத் திருத்தினோம். முதல் இரண்டு இரவுகள் லிஸ்பனில். அங்கே காரே வேண்டாம். அல்பாமா பகுதியின் சந்துகள் செங்குத்தானவை, குறுகியவை. அந்தோனியார் 1195-ஆம் ஆண்டளவில் பிறந்த இடத்தில் எழுந்துள்ள ஆலயமும், அவர் திருமுழுக்குப் பெற்ற பேராலயமும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. 1693-இல் ஓரியூர் மணலில் இரத்தம் சிந்திய நம் அருளானந்தரும் 1647-இல் அந்நகரிலேயே பிறந்தவர். இதைக் கேட்டதும் பிள்ளைகளின் கண்கள் விரிந்தன.

மூன்றாம் நாள் காலையில் காரை எடுத்தால் போதும். கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி வேண்டுமாயின் முன்னரே கேட்டு வைக்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை இங்கேயே பெற்றுக்கொள்வது நலம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அருகில் இருப்பவர் பேச்சுக் கொடுக்கலாகாது! சுங்கச் சாவடியில் பச்சைக் குறியிட்ட வழி, அதற்குரிய கருவி பொருத்திய வண்டிகளுக்கு மட்டுமே. ஒளிரும் மேற்சட்டையை வண்டியின் உள்ளே, கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

பாத்திமாவில் இரண்டு இரவுகள். பாஸ்கா முதல் அக்டோபர் வரை இரவு 9.30 மணிக்குச் செபமாலையும், தொடர்ந்து பவனியும் நடைபெறும். ஓர் இரவு உடல்நலம் இடம் தராவிடினும் மற்றோர் இரவு இருக்கும். பகலில், 1385-ஆம் ஆண்டுப் போர் வெற்றிக்கு நன்றியாக எழுப்பப்பட்ட பட்டாலியா மடத்தைப் பார்த்து வரலாம். மே 13, அக்டோபர் 13 ஆகிய நாள்களையொட்டிச் செல்வதானால் தங்க அறை கிடைப்பது அரிது. சாலையோரம் திருப்பயணிகள் கூட்டமாக நடப்பர், மிகுந்த எச்சரிக்கை தேவை.

போர்ட்டோ செல்லும் வழியில் கோயிம்பிராவில் நண்பகல் மட்டும் தங்கினால் போதும். காட்சி கண்ட மூவருள் லூசியா, 1948 முதல் 2005-இல் இறக்கும்வரை வாழ்ந்த கார்மேல் மடம் அங்கேதான் உள்ளது. நூலகத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை! கடைசி இரண்டு இரவுகள் போர்ட்டோவில். காரை அங்கேயே ஒப்படைத்தால் கட்டணம் சற்றுக் கூடும். ஆயினும் திரும்பி ஓட்டும் களைப்பு மிஞ்சும்.

பதினோர் ஊர் நான்காயின. மகனுக்குச் சிறிது வருத்தந்தான்.

நேற்று மாலை அந்தத் தாயார் கோலூன்றி வந்திருந்தார். மெழுகுதிரி அங்கே கிடைக்குமா, இங்கிருந்து கொண்டுபோக வேண்டுமா என்று மட்டும் கேட்டார். கிடைக்கும் என்றேன்.