பெட்டியில் இருக்கும் காசு இலாபமா?

நமது கிராமங்களில் இயங்கும் மாதர் சங்கங்கள், சிறு உற்பத்திக் குழுக்கள் ஆகியவற்றின் கணக்குகளைப் பார்க்கும்போது ஒரு விடயம் புலப்படுகிறது. காசேடு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். பற்றுச்சீட்டுகள் கோவையில் இருக்கும். ஒரு சதமும் களவு போயிராது. ஆயினும் நான்கைந்து ஆண்டுகளில் தொழில் படுத்துவிடும். பொருளாளரின் நேர்மையில் குறையில்லை. பெட்டியில் மிஞ்சிய காசையே இலாபம் என்று எண்ணிப் பங்கிட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

கணக்கியல் என்றதும் அது கொழும்புக் கம்பனிகளின் காரியம் என்று நம்மவர் ஒதுங்கிக்கொள்கின்றனர். வெனிஸ் வணிகர்கள் கையாண்டுவந்த இரட்டைப் பதிவு முறையை விளக்கி 1494இல் அச்சு நூலில் வெளியிட்டவர் லூக்கா பச்சியோலி என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவி. கோபுரம் கட்டப் புறப்படுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் உவமையும் லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்திலேயே உள்ளது. ஆகவே இது நமக்கு அந்நியமான துறையன்று.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பெண்கள் மிளகாய் அரைக்கும் மில் ஒன்றை நடத்துகின்றனர். இயந்திரத்தின் விலை 360,000 ரூபா. அது ஆறு ஆண்டுகள் உழைக்கும். கிலோவுக்குக் கூலி 100 ரூபா. மின்சாரம், பை முதலியவற்றுக்குக் கிலோவுக்கு 40 ரூபா செலவாகும். கடை வாடகை மாதம் 6,000 ரூபா, இயக்குபவருக்குச் சம்பளம் 18,000 ரூபா.

ஒரு மாதத்தில் 500 கிலோ அரைத்தார்கள். கூலி 50,000 ரூபா. செலவு 44,000 ரூபா. மீதி 6,000 ரூபா. ஆனால் 4,000 ரூபாவுக்கான வேலை கடனுக்குச் செய்யப்பட்டதால் பெட்டியில் இருப்பது 2,000 ரூபாதான். இனி இயந்திரத்தைப் பார்ப்போம். 360,000 ரூபாவை 72 மாதங்களுக்குப் பிரித்தால் மாதமொன்றுக்கு 5,000 ரூபா தேய்கிறது. பெறுமானத் தேய்வு எனப்படும் இச்செலவுக்கு எவரும் சிட்டை கொண்டுவந்து தருவதில்லை. ஆகவே அது புத்தகத்தில் ஏறுவதுமில்லை. அதையும் கழித்தால் உண்மையான இலாபம் 1,000 ரூபா.

6,000, 2,000, 1,000 என்ற மூன்று தொகைகளும் பிழையற்றவையே. ஆனால் அந்த மாதம் பங்கிடத்தக்கது எவ்வளவு என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதே விடை. பெட்டியிலுள்ள 2,000 ரூபாவையும் வங்கியில் இடவேண்டும். கடன்பட்டோரிடமிருந்து 4,000 ரூபா வந்து சேர்ந்த பின்னர்தான் தேய்வுக்கான 5,000 ரூபா நிரம்பி, இலாபமான 1,000 ரூபா கையில் நிற்கும்.

"இயந்திரம் இலவசமாகக் கிடைத்தது, அதற்கேன் தேய்வு?" என்று சிலர் கேட்கக்கூடும். 2009இல் போர் முடிந்தபின் வன்னியில் பல குழுக்களுக்கு இயந்திரங்கள் நன்கொடையாகவே வந்தன. நன்கொடையாளர் இரண்டாந்தரம் வருவாரா? இலவச இயந்திரமும் தேயத்தான் செய்யும். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2022இல் டொலர் ஒன்றின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. பழைய விலையின்படி ஒதுக்கிய பணம் இறக்குமதி இயந்திரம் ஒன்றை வாங்கப் போதாது போயிற்று. எனவே ஒதுக்கீட்டை ஆண்டுதோறும் சந்தை விலையோடு ஒப்பிட்டுத் திருத்துவது நல்லது.

எத்தனை கிலோ அரைத்தால் நட்டமில்லை? கிலோவொன்றில் மிஞ்சுவது 60 ரூபா. வாடகை, சம்பளம், தேய்வு மூன்றும் சேர்ந்து 29,000 ரூபா. வகுத்துப் பார்த்தால் 484 கிலோ. நமது மில் அந்த எல்லைக்கு 16 கிலோ மேலேதான் நிற்கிறது. மழைக்காலத்தில் ஒரு வாரம் வியாபாரம் தளர்ந்தால் நட்டம். கூலியை 110 ரூபா ஆக்கினால் 415 கிலோ போதும். ஆனால் வாடிக்கையாளர் அயலூர் மில்லுக்குப் போய்விடுவார்களா என்பதைப் புத்தகம் சொல்லாது. ஊரை அறிந்த அங்கத்தவர்களே கூடித் தீர்மானிக்கவேண்டும்.

ஒதுக்கீடு இல்லாத குழுவின் இயந்திரம் பழுதானால் அடுத்தபடி கடன்தான். நுண்நிதிக் கடனில் மூழ்கிய பெண்களின் துயரம் 2018இல் அரசாங்கமே நிவாரணத் திட்டம் அறிவிக்கும் அளவுக்கு வளர்ந்ததை நாம் அறிவோம். வட்டி வீதம் ஒன்றாயிருந்தும் கணக்கிடும் முறை வேறாக இருக்கலாம். 120,000 ரூபாவை ஓராண்டுக்கு, மாதம் நூற்றுக்கு 2 வீதம் பெறுவதாக வைப்போம். மாதாமாதம் முதலில் 10,000 ரூபா கழிகிறது. மீதியாக நிற்கும் கடனுக்கு மட்டும் வட்டி என்றால் ஆண்டு முழுவதற்கும் 15,600 ரூபா. தொடக்கக் கடன் முழுவதற்கும் இறுதிவரை வட்டி என்றால் 28,800 ரூபா. கடைசி மாதத்தில் கையிலிருப்பது 10,000 ரூபாக் கடன். வட்டியோ 120,000 ரூபாவுக்குக் கட்டப்படுகிறது. 24 வீதம் என்று சொல்லப்பட்டது உண்மையில் 40 வீதத்தையும் தாண்டிவிடுகிறது.

ஆகவே கையொப்பமிடுமுன் மாதவாரியான தவணை அட்டவணையைத் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். முதல், வட்டி, மீதி என மூன்று நிரல்கள் அதில் இருக்கவேண்டும். தர மறுப்பவரிடம் கடன் வாங்கவேண்டாம்.