ஐம்பதுக்கு ஐம்பது!



எங்கள் வகுப்பில் லீடர் தேர்தல் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. மொத்தம் 46 பேர். அவர்களுக்கு 24, எங்களுக்கு 22. இன்னும் இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதில்லை. விளையாட்டு அலமாரிச் சாவி அவர்களிடம்தான். பந்து கேட்டால் "ஜெயிச்சிட்டு வந்து கேளு" என்கிறார்கள். (நான் தோற்ற பக்கம். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இதைவிடப் பெரிய சண்டை அமெரிக்காவில் நடந்தது. 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் வெறும் 537 ஓட்டு வித்தியாசம்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், டிசம்பரில்தான் ஜார்ஜ் புஷ் ஜெயித்தார் என்று முடிவானது. நாடு முழுக்க எண்ணினால், தோற்ற அல் கோருக்குத்தான் 5 லட்சத்துக்கும் மேல் ஓட்டு அதிகம். எவ்வளவு கோபம் இருந்திருக்கும், பாருங்கள்.

அதே தேர்தலில் செனட் என்ற மேல்சபையும் சரிபாதியானது. 50 மாநிலம், மாநிலத்துக்கு 2 பேர், ஆக 100 உறுப்பினர்கள். குடியரசுக் கட்சிக்கு 50, ஜனநாயகக் கட்சிக்கு 50. ஓட்டு சமமானால் துணை அதிபர் ஒரு ஓட்டுப் போடலாம். ஜனவரி 20 முதல் அந்த நாற்காலி புஷ் கட்சியின் டிக் செனிக்கு. அதனால் "எல்லாம் எங்களுக்கே" என்று அவர்கள் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. டிரென்ட் லாட், டாம் டாஷ்ல் என்ற இரு கட்சித் தலைவர்களும் பேசி, 2001 ஜனவரி 5-இல் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். செனட்டில் வேலை எல்லாம் குழுக்களில்தான் நடக்கும். குழுத் தலைவர் பதவி குடியரசுக் கட்சிக்கு. ஆனால் உறுப்பினர்கள் இரு பக்கமும் சமம், ஊழியர்களுக்கான பணமும் சமம். குழுவில் ஓட்டு சமமாகி மசோதா மாட்டிக்கொண்டால், எந்தத் தலைவரும் அதைச் சபைக்குக் கொண்டுவர முயலலாம்.

நல்ல மனசால் மட்டும் இதைச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. செனட்டில் எதிர்க்கட்சி பேசிப் பேசியே வேலையை இழுத்தடிக்கலாம், நிறுத்த 60 ஓட்டு வேண்டும். அதோடு, ஒரே ஒருவர் போனாலும் தராசு சாய்ந்துவிடும். குடியரசுக் கட்சியின் ஸ்ட்ரோம் தர்மண்டுக்கு அப்போதே 98 வயசு!

கடைசியில் சாய்த்தது அவரில்லை. வெர்மான்ட் மாநிலத்து ஜிம் ஜெபர்ட்ஸ், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் படிப்புக்குக் கூடுதல் பணம் கேட்டுக்கொண்டே இருந்தார். தன் கட்சி கொடுக்கவில்லை என்ற வருத்தத்தில், 2001 மே 24-இல் குடியரசுக் கட்சியை விட்டு விலகுவதாக அறிவித்தார். ஜூனில் தலைவர் பதவிகள் எல்லாம் அந்தப் பக்கம் போயின. ஐந்தே மாதம்!

2021-இல் மறுபடியும் 50-50 வந்தது. அப்போதும் பழைய ஏற்பாட்டைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள்.

சாவியை வாரம் மாற்றி வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று நேற்று எங்கள் லீடரிடம் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லியிருக்கான்.

- 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு